வெயில் இறங்கட்டும்

கிடாய் நாறும் மாதங்கள்தான் எங்களுக்கு நல்ல மாதங்கள். வெளியாட்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். பகல் குறைய ஆரம்பித்து, காற்றில் லேசாகக் குளிர் ஏறியதும், கிடாய் தன் தாடியிலேயே மூத்திரத்தைப் பீய்ச்சிக்கொண்டு, மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு முறுக்காக நிற்கும். கொட்டகைக்கு நூறடி தள்ளி வரும்போதே வாடை மூக்கில் ஏறும். புதிதாக வந்தவர்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். நாங்கள், "அப்பாடா, சீசன் வந்தாச்சு" என்போம்.

டாக்டரம்மா மேல் வந்த புகாரை விசாரிக்கிற இடத்தில் இவள் ஆட்டைப் பற்றிப் பேசுகிறாளே என்று நினைக்காதீர்கள். நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன். அந்த டாக்டரம்மாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அவர் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்து எந்த டாக்டரும் அதைத்தான் செய்திருப்பார். அந்தக் காகிதம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் கிடாயில்தான் ஆரம்பிக்க வேண்டும். நிதானமாகவே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும்.

முப்பத்தொரு வருடமாக நான் ஆட்டுப் பண்ணையின் லேபில் வேலை பார்க்கிறேன். ஓய்வு பெறும் வயது தாண்டிய பிறகும், வேறு ஆள் கிடைக்கவில்லை என்று என்னையே வைத்துக்கொண்டார்கள். ரப்பர் குழாயில் வெந்நீர் ஊற்றி, கிடாயிடமிருந்து விந்து பிடித்து வருவது கொட்டகைக்காரரின் வேலை. அதைப் பார்ப்பது என் வேலை. ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், நல்ல விந்தாக இருந்தால் அலை அடிக்கும். தனித்தனியாக எதுவும் கண்ணில் படாது. மழைமேகம் சுருண்டு சுருண்டு ஓடுவது போல மொத்தமாக ஓடும். அதைப் பார்த்து எத்தனை பெட்டை ஆட்டுக்குக் காணும் என்று என்னால் வாய்க்கணக்காகவே சொல்ல முடியும்.

வெயில் மாதங்களில் அதே கிடாய் வேறு ஆள். விதை உடம்புச் சூட்டைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும், அதற்காகத்தான் அது வெளியே தொங்குகிறது. வெளியிலும் அனல் என்றால் அது எங்கே போகும்? அளவு குறையும். தண்ணீராக வரும். அலை நின்று, ஒன்றிரண்டு நோயாளிகள் தாழ்வாரத்தில் நடப்பது போலத் தள்ளாடும். தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கமாகக் கிடக்கும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு விந்தணு உருவாகி வெளியே வர ஐம்பது, அறுபது நாள் ஆகும். ஆகவே வெயில் குறைந்த மறுநாளே கிடாய் சரியாகிவிடாது. இரண்டு மாதம் பொறுக்க வேண்டும். பொறுத்தால் எல்லாம் திரும்பி வரும்.

இது தெரியாமல் ஒரு சின்ன வயது கால்நடை டாக்டர் வந்த புதிதில் எங்கள் நாற்பத்திரண்டாம் நம்பர் கிடாயைக் கழித்துவிடச் சொன்னார். கொட்டகைக்காரர் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார். உச்சி வெயிலில் எடுத்த விந்தை வைத்து, இது உதவாது என்று டாக்டர் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். கொட்டகைக்காரர் அழாத குறையாக என்னிடம் ஓடி வந்தார்.

"அக்கா, மாப்பிள்ளைய அனுப்பச் சொல்றாருக்கா. இந்த வெயில்ல எனக்கே எந்திரிச்சு நிக்க முடியல, அதப் போயி குத்தம் சொல்றாரு."

நான் டாக்டரிடம் போனேன். "சார், ஆம்பளைய வெயில்ல வச்சு எடை போடாதீங்க. வெயில் இறங்கட்டும். அறுபது நாள் கழிச்சு நானே எடுத்துக் காட்டுறேன்" என்றேன். அவர் சிரித்தார், ஆனால் விட்டார். குளிர் வந்ததும் மாப்பிள்ளை அடித்த அலையை அவரே குனிந்து பார்த்துவிட்டு, "ஸாரிம்மா" என்றார். அதன் பிறகு வந்த குட்டிகளில் பாதி மாப்பிள்ளையின் குட்டிகள்.

அன்றிலிருந்து பண்ணையில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அந்தப் பெருமையும் இதில் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கு ஒரே மகன். ரொட்டிக் கடையில் அடுப்படி வேலை. விடிந்ததிலிருந்து அடுப்பின் வாயில் நிற்பான். கல்யாணமாகி நான்கு வருடமாகியும் குழந்தை இல்லை. மருமகள் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். வாயாடி. வந்த புதிதில் நான் வேலையிலிருந்து வந்ததும், "அத்தை, இன்னிக்கு எந்த மாப்பிள்ளைக்குப் பொண்ணு பாத்துட்டு வர்றீங்க?" என்பாள். நான் முறைத்தால், "கோவிச்சுக்காதீங்க, முதல்ல கைய கழுவுங்க" என்பாள். அவளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

டாக்டரம்மாவிடம் போக வேண்டும் என்று சொன்னவளும் அவள்தான். முதல் நாளே டாக்டரம்மா முறையாகச் சொன்னார்: முதலில் புருஷனைப் பரிசோதிக்க வேண்டும், அது சுலபம், அதற்குப் பிறகுதான் மனைவியை. என் மகன் வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான்.

"அந்த லேப்ல இருக்கிறவன் என் கூடப் படிச்சவன்மா. சாயங்காலம் ரொட்டி வாங்க வருவான். நான் போக மாட்டேன்."

"வீட்டுல எடுத்து ஒரு மணி நேரத்துல குடுத்தாப் போதுமாம்டா. நான் கொண்டு போறேன். எனக்கு இதுதானே வேலை."

சுட்டெரிக்கும் மாதம் அது. காலையில் அவன் காகிதப் பையில் சுற்றிக் கொடுத்த சின்ன பாட்டிலை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு கிளம்பினேன். சூடு போகாமல் கொண்டு போவது எனக்குப் பழக்கம். பண்ணை வழியில்தான் இருக்கிறது. ஒரு சொட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. சமையல் தெரிந்தவள் அடுத்த வீட்டுக் குழம்பையும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள் இல்லையா, அப்படித்தான்.

கண்ணாடியில் ஒன்றும் இல்லை. கண்ணாடியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். வேறு சொட்டு விட்டுப் பார்த்தேன். துடைத்து வைத்த ஜன்னல் போல இருந்தது.

நான் பதறவில்லை. மேஜையில் அன்று காலை கொட்டகைக்காரர் கொண்டுவந்து வைத்த மாப்பிள்ளையின் குழாய் இருந்தது. வெயிலில் அதுவும் சோர்ந்துதான் போயிருந்தது. ஆனால் சோர்ந்த கிடாயிடம்கூட மனிதனைவிடப் பல மடங்கு அடர்த்தி உண்டு. அப்படியே கொடுத்தால் யாரும் நம்ப மாட்டார்கள். நாங்கள் கலக்கும் கரைசலில் ஒரு பங்குக்கு முப்பது பங்கு சேர்த்தேன். எண்ணிப் பார்த்தேன். இன்னும் அதிகமாகவே இருந்தது. நாற்பதாக்கினேன். ரொம்ப நன்றாக இருந்தாலும் உறுத்தும், அதனால் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். மகனுடையதைத் தொட்டியில் கொட்டி, பாட்டிலைக் கழுவி, உலர்த்தி, இதை நிரப்பினேன். பாட்டிலில் அவன் கையெழுத்தில் அவன் பெயர் ஒட்டியிருந்தது. அது நனையாமல் பார்த்துக்கொண்டேன்.

பாட்டில் உடைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். யோசித்தேன். உடைந்தது என்றால் நாளைக்கு இன்னொன்று கேட்பார்கள். எனக்குத் தேவைப்பட்டது அறுபது நாள். வெயில் இறங்கட்டும், அவனை அடுப்பிலிருந்து தள்ளி நிறுத்துவோம், தானாகத் திரும்பி வரும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். கிடாய்க்குச் செய்த நியாயத்தைப் பெற்ற பிள்ளைக்குச் செய்யக் கூடாதா?

ஆஸ்பத்திரி லேபில் இருந்தவன் உற்றுப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பான். ஆட்டுடையது தலை கொஞ்சம் தட்டையாக, நீளமாக இருக்கும். ஆனால் அவனுக்கு முன்னால் இருபது பேருடைய ரத்தம் பிடித்த குழாய்கள் வரிசையில் நின்றன. அவன் எண்ணினான், எழுதினான். என்னைப் பார்த்துச் சிரித்து, "சும்மா சொல்லக் கூடாது அம்மா, நல்லாவே இருக்கு. அவன எதுக்கும் பயப்பட வேணாம்னு சொல்லுங்க" என்றான். அவன் மீதும் நடவடிக்கை வேண்டாம்.

அன்று மாலை மகன் வீட்டுக்கு வரும்போது சீட்டி அடித்துக்கொண்டு வந்தான். நான்கு வருடத்தில் அவன் சீட்டி அடித்து நான் கேட்டதில்லை. மருமகள் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தாள். பிறகு மடித்து வைத்துவிட்டு, "அப்ப என்கிட்டதான் இருக்கு அத்தை" என்றாள்.

"அப்படில்லாம் இல்லம்மா. பாத்துக்கலாம்."

"இல்ல அத்தை. எங்க கோளாறுன்னு தெரிஞ்சா நல்லதுதானே. தையல்ல பிழை இருந்தா எங்க பிரிச்சுத் தைக்கணும்னு தெரியணும்ல?"

நான் கையைக் கழுவப் போனேன்.

மகனை அடுப்பிலிருந்து மாற்றினேன். அவன் முதுகுவலியைச் சாக்காக வைத்து முதலாளியிடம் நானே போய்ப் பேசினேன். விற்பனை மேஜைக்கு மாற்றினார்கள். இறுக்கமான உடுப்பு வேண்டாம் என்றேன், தலைக்கு மேல் மின்விசிறி என்றேன். அவன், "என்னம்மா, என்னை ஆட்டுக் கொட்டகையில கட்டுற மாதிரி பண்ற" என்று சிரித்தான். இவ்வளவும் அவன் பக்கம் நடந்துகொண்டிருந்தது.

அவள் பக்கம் மாத்திரை ஆரம்பித்தது. பிறகு ஊசி, வயிற்றில், தொடையில், தினம் ஒரே நேரத்தில். ஊசி அவள் உடம்பை ஊதவைத்தது. சீருடை தைக்க உட்கார்ந்தால் கால் வீங்கியது. கர்ப்பப்பைக்குள் மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். அன்று அவள் ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். "அத்தை, உசுரு போயி உசுரு வந்துச்சு" என்றாள். படத்தில் அடைப்பு எதுவும் இல்லை. டாக்டரம்மாவுக்கே குழப்பம். "ரெண்டு பேருக்கும் எல்லாம் சரியா இருக்கே, ஏன் நிக்கலைன்னு தெரியலையே" என்றார். அவரை யாரும் தவறாகச் சொல்ல முடியாது. அவர் என் மகனை இன்னொரு முறை பரிசோதிக்கலாமா என்றுகூடக் கேட்டார். "அதுதான் நல்லா வந்திருக்கே டாக்டர், அவன் சங்கடப்படுவான்" என்று நான்தான் சொன்னேன். மருமகளும் தலையாட்டினாள். "அவரை விட்டுடுங்க டாக்டர்" என்றாள்.

ஒரு நாள் என் தங்கை வீட்டுக்கு வந்திருந்தாள். உள்ளறையில் மெஷின் ஓடும் சத்தம். தங்கை குரலைத் தாழ்த்தவே இல்லை.

"அவனுக்கு எந்தக் குறையும் இல்லேன்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாங்க. உன் மருமக அந்த மெஷினை மட்டும்தான் ஓட்டுவா போல. எத்தனை நாளைக்குக்கா பாத்துட்டு இருப்ப? எனக்குத் தெரிஞ்ச இடத்துல ஒரு பொண்ணு இருக்கு."

மெஷின் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடியது. நான் தங்கையிடம், "டீ ஆறிடும், குடி" என்றேன்.

பாரத்தை யார் தாங்குவாரோ அவர் தலையில்தான் வைக்க முடியும். என் மகன் தாங்க மாட்டான். சின்ன வயதில் ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்ததற்கு ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தவன். ஒரு தட்டு ரொட்டி கருகிப்போனால் அன்று வீட்டில் சாப்பிட மாட்டான். அவளோ சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் போகிறவள். அப்படித்தான் நான் கணக்குப் போட்டேன். ஆள் பார்த்துச் சுமை ஏற்றினேன்.

பிறகு டாக்டரம்மா வயிற்றில் சின்னத் துளை போட்டு உள்ளே குழாய் விட்டுப் பார்க்கலாம் என்றார். பெரிய ஆபத்து கிடையாது, ஆயிரத்தில் ஒருத்தருக்குத்தான் ஏதாவது ஆகும் என்றார். அப்போது நல்ல குளிர். பண்ணை முழுக்க வாடை. கொட்டகைக்காரர், "மாப்பிள்ளைய இன்னிக்குப் பிடிக்க முடியலக்கா, என்னையே முட்டித் தள்ளிட்டான்" என்று குழாயோடு வந்து நிற்கிற மாதம்.

அந்த ஆயிரத்தில் ஒருத்தி என் மருமகளாக இருந்தாள். உள்ளே குடலில் எங்கோ கீறியிருக்கிறது. அன்று யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் வயிறு கல்லாக இறுகியது. ஐந்தாம் நாள் காலை போய்விட்டாள். அவளுடைய அண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "நல்லா இருந்த பொண்ணை எதுக்குடா அறுத்தீங்க?" என்று கத்தினான். அந்தக் கேள்வியைத்தான் அவன் உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான். நல்ல கேள்வி. தப்பான ஆளிடம் கேட்டிருக்கிறான்.

இதுவரை நான் சொன்னதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. நீங்களும் பேனாவை மூடிவிட்டீர்கள். திறந்துகொள்ளுங்கள்.

எனக்கு அறுபது நாள் தேவைப்பட்டது என்றேன். பொறுத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. மகனிடம், டாக்டர் இன்னொன்று கேட்கிறார் என்று பொய் சொல்லி வாங்கினேன். "இன்னும் எத்தனை தடவைம்மா?" என்று அலுத்துக்கொண்டே கொடுத்தான். வெயில் இறங்கி, மழை தொடங்கியிருந்த நாள். பண்ணைக்கு எடுத்துப் போனேன். கண்ணாடியில் ஒன்றும் இல்லை. மூன்றாம் தடவை, ஆபரேஷனுக்கு முந்தைய வாரம், குளிர் நடுவில். அப்போது நான் ஒரு சொட்டோடு விடவில்லை. முழுவதையும் சுழற்றும் மெஷினில் போட்டு, அடியில் தங்கியதை மட்டும் எடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு வால் கிடந்தாலும் போதும் என்று அரை நாள் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். கொட்டகைக்காரர் இரண்டு தடவை வந்து, "என்னக்கா, எதைத் தொலைச்சிட்டீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சரி, இதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் தடவை வரைக்கும்கூடப் போக வேண்டியதில்லை. வெயில் குறைக்கும். தளரவைக்கும். தலையை, வாலைக் கோணலாக்கும். துடைத்து எடுத்துவிடாது. முப்பத்தொரு வருடத்தில் ஒன்றுமே இல்லாத கிடாய்கள் இரண்டை நான் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் நான் அறுபது நாள் கொடுக்கவில்லை. அன்றைக்கே, இது பருவத்தால் வந்ததல்ல, பிறவியிலேயே இப்படி, கழித்துவிடவும் என்று என் கையால் எழுதிக் கொடுத்தேன். என் மகனுடைய முதல் சொட்டைப் பார்த்த காலையிலேயே எனக்குத் தெரியும். பாட்டிலைக் கழுவியபோது தெரியும். அவள் ஊசிக்குத் தொடையைக் காட்டியபோது தெரியும். தெரியாத ஒருத்தி செய்த பிழை இல்லை இது. இந்த ஊரில் இதைப் பார்த்த நிமிடமே தெரிந்துகொள்ளக்கூடிய ஒரே பொம்பளை செய்தது.

ஆபரேஷன் அன்று சம்மதக் காகிதத்தில் வீட்டார் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். மகன் கடையிலிருந்து வந்து சேரவில்லை. அவள் பச்சை அங்கி போட்டு, கையில் ஊசி ஏற்றிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் நீட்டிய அட்டையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அத்தை, உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். இது பண்ணித்தான் ஆகணுமா? வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க. நான் வீட்டுக்கு வந்துடறேன்."

"போடும்மா" என்றேன். "பயப்படாத, நான் இருக்கேன்ல."

அவள் போட்டாள். அவள் பெயருக்குக் கீழே நான் போட்டேன். அந்தக் காகிதம் உங்கள் கோப்பில் இருக்கும். எடுத்துப் பாருங்கள். அவளைக் கொன்றது அந்தக் கத்தி இல்லை. டாக்டரம்மாவை வேலைக்குத் திரும்பக் கூப்பிடுங்கள். என்னை எங்கே கொண்டு போக வேண்டுமோ கொண்டு போங்கள். நான் எதையும் மறுக்கப் போவதில்லை.

ஒரே ஒரு விஷயம். இது என் மகன் கண்ணில் படும். அவன் இப்போதே பாதி ஆளாகிவிட்டான். தங்கை சொன்ன பெண் வீட்டாரும் அடுத்த மாதம் வருவதாக இருக்கிறார்கள். அதனால் அவனைப் பற்றி எழுதும் இடத்தில், வெயில் காலத்தில் எடுத்ததால் குறைவாக இருந்தது என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அது பொய்யாகாது. முதல் தடவை எடுத்தது வெயில் காலத்தில்தான்.